சேவலைக் கோழி என்ற காட்டுப்பன்றி

வாகைப் பள்ளத்துக் காட்டில் மொக்கையன் என்னும் காட்டுப்பன்றி இருந்தது. பெண்டாட்டி ஒச்சம்மா, மூன்று தம்பிகள், தம்பி பெண்டாட்டிகள், ஓர் இடத்தில் நிற்காத குட்டிகள் என்று பெரிய குடும்பம். எல்லாரும் சேர்ந்து படுத்தால் ஒரு புதர் போதாது.

பக்கத்து மூங்கில் புதரில் பேச்சிமுத்து என்னும் காட்டுச்சேவல் இருந்தது. அதன் குடும்பமும் சின்னது இல்லை. சீனியம்மா என்னும் பெட்டை, அதன் தங்கைமார், காலுக்குக் கால் இடறும் குஞ்சுகள்.

இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு மழைக்காலமாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஒரே ஒரு சொல்.

ஒருநாள் எல்லா மிருகங்களும் ஓடையில் தண்ணீர் குடிக்க வந்திருந்தன. மொக்கையன் பேச்சிமுத்துவுக்குப் பின்னால் நின்றது. “கோழி, கொஞ்சம் நகரு!” என்றது.

சேவலைப் போய்க் கோழி என்பதா? அதுவும் மானும் முயலும் பார்த்துக்கொண்டிருக்கையில்! பேச்சிமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நகர முடியாது, போடா பன்றி!” என்றது.

மொக்கையனின் பிடரி மயிர் சிலிர்த்தது. “காட்டுப்பன்றின்னு சொல்லு! வெறும் பன்றின்னா ஊர்ச் சாக்கடையில புரள்றவன். நான் கிழங்கு தோண்டித் தின்கிறவன்!”

“நீ முதல்ல சேவல்னு சொல்லு!”

“சொல்ல மாட்டேன்!”

“அப்போ நானும் சொல்ல மாட்டேன்!”

அன்றைக்கு அறுந்ததுதான் உறவு. மொக்கையன் தினமும் படுப்பதற்கு முன் அந்தச் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளும். எங்கே மறந்துவிடுவோமோ என்று அதற்குப் பயம்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மதியம். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு கொக்கு தலைதெறிக்கப் பறந்து வந்தது.

“புயல் வருது! பொழுது சாயறதுக்குள்ள பள்ளம் முழுகிடும்! ஓடையைத் தாண்டிக் குடைப்பாறைக்கு ஏறிடுங்க!” என்று கத்திவிட்டு, நிற்காமல் போய்விட்டது.

மொக்கையன் குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடியது. பேச்சிமுத்துவின் குடும்பம் முன்பே அங்கே நின்றது. ஓடையில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. மழை கண்ணைத் திறக்கவிடவில்லை.

ஒச்சம்மாதான் முதலில் வாயைத் திறந்தது. “மதினி, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. மோப்பம் பிடிச்சுத்தான் வழி போவார். இந்த மழையில மோப்பமெல்லாம் கரைஞ்சு போச்சு.”

“எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மதினி. ஆனா பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. குஞ்சுகளுக்கு நீச்சலும் தெரியாது” என்று அழுதது சீனியம்மா.

“அழாதீங்க. குஞ்சுகளை எங்க முதுகுல ஏத்துங்க. உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரர் தலையில உக்காந்து வழி சொல்லட்டும்!”

மொக்கையன் துள்ளியது. “அந்தக் கோழியா? என் தலையிலயா?”

“அந்தப் பன்றி தலையில என் கால் படுமா?” என்றது பேச்சிமுத்து.

“அப்போ எல்லாரும் இங்கேயே முழுகிச் சாவோம், சந்தோஷமா?” என்று இரண்டு பெண்டாட்டிகளும் ஒரே குரலில் கத்தின.

நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. வானம் மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஓர் ஏற்பாடு ஆனது. மொக்கையன் முன்னால் போகும். பேச்சிமுத்துவும் சீனியம்மாவும் பின்னால் வரும் ஒச்சம்மாவின் முதுகில் உட்காரும். பேச்சிமுத்து வழியைச் சீனியம்மாவிடம் சொல்லும். சீனியம்மா ஒச்சம்மாவிடம் சொல்லும். ஒச்சம்மா மொக்கையனிடம் சொல்லும். யாருடைய மானத்துக்கும் பங்கம் இல்லை!

மொக்கையன் தண்ணீரில் இறங்கியது. முதுகில் ஆறு குஞ்சுகள். வாலைக் கவ்விக்கொண்டு கடைக்குட்டி சுண்டான்.

“பன்றி மாமா, உங்க மயிர் குத்துது!” என்றது ஒரு குஞ்சு.

“காட்டுப்பன்றி மாமா!” என்று திருத்தியது மொக்கையன்.

பாதி ஓடைவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்போது பேச்சிமுத்து ஒன்றைக் கண்டது. ஓடையின் மேற்புறத்திலிருந்து வேரோடு பெயர்ந்த மரம் ஒன்று உருண்டு வந்தது.

“மரம் வருது! இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லு!” என்றது.

காற்றின் இரைச்சலில் சீனியம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. “மதினி, மாமா வருதாம்!”

“ஏங்க! மாமா வருதாம்!” என்றது ஒச்சம்மா.

மொக்கையன் நடு ஓடையில் நின்றுவிட்டது. “எந்த மாமா? எங்க மாமாவா, உங்க மாமாவா?”

“இருங்க, கேட்டுச் சொல்றேன். மதினி, எந்த மாமான்னு கேக்குறார்!”

“ஏங்க, எந்த மாமா?”

“மாமா இல்லடி, மரம்! மரம்!”

அந்தப் பதில் மொக்கையனை எட்டுவதற்குள் மரம் எட்டிவிட்டது. மொக்கையனின் பின்னங்காலில் இடித்துக்கொண்டு போனது. மொக்கையன் தள்ளாடியது. குஞ்சுகள் மயிரை இறுகப் பற்றிக்கொண்டன. ஆனால் வாலைக் கவ்வியிருந்த சுண்டானைக் காணவில்லை!

“சுண்டான்! டேய் சுண்டான்!”

மொக்கையன் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எங்கும் கலங்கல். மோந்து பார்த்தது. மூக்கில் தண்ணீர்தான் ஏறியது. தன் பிள்ளை எந்தத் திசையில் போகிறான் என்றுகூடத் தெரியாமல் நின்றது அந்தப் பெரிய பன்றி.

பொத்தென்று தலையில் ஏதோ வந்து விழுந்தது. காற்றில் சிறகு பிய்ந்துபோக, பேச்சிமுத்து பறந்து வந்து உட்கார்ந்திருந்தது.

“ஏ பன்றி! வலப்பக்கம் திரும்பு!”

“எங்கடா, கோழி? எங்க?”

“நாலு எட்டு வை! பிள்ளை ஒரு வேரைக் கவ்விக்கிட்டு இருக்கான்!”

“எனக்குத் தெரியலையே!”

“எனக்குத் தெரியுது, நீ போ! இன்னும் போ பன்றி! இப்போ மூக்கை நீட்டு!”

மொக்கையன் மூக்கை நீட்டியது. சின்னதாக, குளிர்ந்துபோன ஒரு காது தட்டுப்பட்டது. மெல்லக் கவ்வித் தூக்கியது. சுண்டான் தும்மினான். ஒச்சம்மா அழுதுகொண்டே சிரித்தது.

அதற்குப் பிறகு பேச்சிமுத்து அந்தத் தலையைவிட்டு இறங்கவில்லை. கரையேறும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

“எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது” என்று நடுங்கியது.

“பாறைக்குள்ள இருக்கிற வௌவால் நாத்தம் எனக்கு வந்துடுச்சு. நீ கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றது மொக்கையன்.

குடைப்பாறைக்கு அடியில் இடம் கொஞ்சம், கூட்டம் நிறைய. பன்றிக்குட்டிகளின் வயிற்றுக்கு நடுவில் குஞ்சுகள் புகுந்துகொண்டன. குஞ்சுகளின் கதகதப்பில் குட்டிகள் தூங்கின. வெளியே மூன்று நாள் புயல் அடித்தது. உள்ளே ஒச்சம்மாவும் சீனியம்மாவும் மூச்சுவிடாமல் பேசின. இரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்ததே!

மொக்கையன் மட்டும் முதல் நாள் முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்தது.

“ஓடையில நீ என்னை ரெண்டு தடவை பன்றின்னு சொன்ன.”

“பிள்ளையைத் தேடும்போது எவன் எண்ணிக்கிட்டு இருந்தான்?”

மொக்கையன் யோசித்துப் பார்த்தது. எண்ணியது உண்மைதான். ஆனால் எண்ணியது பிள்ளை கிடைத்த பிறகு. அந்த நேரத்தில் ‘பன்றி’ என்ற சொல் காதில் விழவே இல்லை. ‘வலப்பக்கம்’ என்பதுதான் விழுந்தது.

“சிறகு ரொம்ப நனைஞ்சிருக்கு. இப்படிக் கிட்ட வந்து உக்காரு” என்றது.

“மன்னிச்சுட்டியா?”

“அப்படியெல்லாம் இல்ல. குளிருது, அவ்வளவுதான்.”

நாலாம் நாள் வெயில் வந்தது. பேச்சிமுத்து பாறை உச்சியில் ஏறிக் கூவியது. உடனே இன்னொரு குரல் கேட்டது.

“உர்ர்ர்... கொக்... உர்ர்ர்!”

பேச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் சுண்டான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்! மூன்று நாளும் அவன் சேவலின் காலடியை விட்டு நகரவில்லை. குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று சிரித்தன. பன்றிகள் உருண்டு சிரித்தன. பேச்சிமுத்து பயந்துபோய் மொக்கையனைப் பார்த்தது.

“நான் சொல்லித் தரலப்பா. அவனாத்தான் கத்துக்கிட்டான்!”

மொக்கையன் முறைத்தபடியே பாறைமேல் ஏறியது. மகனை மேலும் கீழும் பார்த்தது.

“என்னடா கூவுற? அடுத்த காட்டுக்குக் கேக்க வேண்டாமா? கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டு!” என்றது.

ஆபத்தில் கூப்பிடுகிறவன் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று பார்க்காதே, எதற்காகக் கூப்பிட்டான் என்று பார்.