ஆறில் ஒரு பங்கு

கோமதிநாயகத்துக்கு மடத்துத் தலைவி பூரணத்தம்மையாரைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். சீடராக வந்தவர் எல்லாவற்றையும் ஊரில் விட்டுவிட்டு வந்தார், கோபத்தை மட்டும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டார்.

ஒரு வேளைக் கஞ்சியில் உப்பில்லை. அன்றைக்குச் சமைத்தவர் இன்னொரு சீடரான இசக்கிமுத்து. அதற்கு ஒரு சண்டை. அதோடு மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

ஐப்பசி மழைக்கு முன், மடத்தை ஒட்டிய குன்றின் அடிவாரத்தைச் சுற்றிப் பனங்கொட்டை ஊன்ற வேண்டும். அம்மையார் அந்த வேலையை இவர்கள் இருவரிடமே கொடுத்தார். மடத்து வாசலில் முதுகோடு முதுகாக நின்று, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் ஊன்றிக்கொண்டே போனார்கள். நடுவில் குன்று நின்றதால் முகம் பார்க்கிற தொல்லை இல்லை. இருவருக்கும் அது பரம திருப்தி.

ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் விடிந்ததும் கோமதிநாயகம் சிலேட்டும் கையுமாக வந்து நின்றார்.

“தாயே, நான் ஊருக்குக் கிளம்புறேன்.”

“என்ன ஆச்சு அய்யா?”

“சுத்துல சரிபாதி நான் ஊனிட்டேன். அந்த ஆளு முடிச்சது மூணுல ஒரு பங்குதானாம். கூட்டிப் பாத்தேன். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சுல ரெண்டு பங்குதான் ஆகியிருக்கு. ரெண்டு நாள்ல மழை இறங்கிரும். மிச்சக் கொட்டையெல்லாம் மூட்டையிலயே அழுகிப்போகும். அந்த ஆளோட சேந்ததுல என் பாடும் வீணாப் போச்சு.”

ஒன்பது நாள் குனிந்து வேலை செய்த மனிதருக்கு வலிக்கத்தானே செய்யும்.

அம்மையார் மூட்டையிலிருந்து பத்துக் கொட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

“இது முழுச் சுத்துன்னு வையுங்க. இதுல பாதி?”

“அஞ்சு.”

“இதையே அஞ்சு பங்காக்கி, அதுல ரெண்டு எடுத்தா?”

கோமதிநாயகம் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

“நாலு.”

“அப்போ இசக்கிமுத்து வந்து ஊனினதும், நீங்க ஊனினதுல ஒண்ணு எழுந்து நடந்து போயிருச்சா?”

கோமதிநாயகம் சிலேட்டைப் பார்த்தார். கொட்டைகளைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“உங்க துண்டு பெருசு, அவர் துண்டு சின்னது. துண்டு ஒரே அளவா இல்லாம எப்படிக் கூட்டுறது? குன்றுச் சுத்தை ஆறு பங்கா வையுங்க. பாதின்னா எத்தனை பங்கு?”

“மூணு.”

“மூணுல ஒண்ணுன்னா?”

“ரெண்டு.” விரலை மடக்கிக் கூட்டினார். “ஆறுல அஞ்சு முடிஞ்சிருச்சா தாயே? ஒண்ணே ஒண்ணுதான் பாக்கியா?”

அந்தக் கோபக்காரரின் கண் கலங்கிவிட்டது. சிலேட்டை வேட்டி நுனியாலேயே அழித்தார். உடனே மறுபடி கவலை வந்துவிட்டது.

“ஒரு பங்கு முடிக்க எனக்கு மூணு நாள் பிடிக்குதே. மழை ரெண்டு நாள்ல வந்துரும். அதை யாரு ஊனுறது?”

அம்மையார் மூட்டையைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்.

“அந்தப் பங்கு எங்க கிடக்கு அய்யா? உங்களுக்கும் அவருக்கும் நடுவுலதானே?”