குடை பிடித்த முப்பத்தாறு பேர்

வேலங்கோட்டை அரசர் செண்பகராயருக்கு ஒரு சமயம் வம்சாவளிப் பித்துப் பிடித்தது. பக்கத்து நாட்டு அரசர் விருந்துக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவும்போது, "உங்கள் வம்சம் எத்தனை தலைமுறை?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். செண்பகராயர் விரல் விட்டு எண்ணினார். ஒரு கை விரல்கள்கூட முடியவில்லை. மறுநாளே அரண்மனை மண்டபத்தில் வம்சாவளிச் சபை தொடங்கிவிட்டது. தலைவர் அகோர பண்டிதர்.

சபை வெள்ளிக்கிழமைதோறும் கூடும். ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வீரம் சேருங்கள்" என்பார்கள். பண்டிதர் முதலில் தன் வம்சாவளியை எழுதினார். சூரியனில் தொடங்கி, கருவேலங்களப் போரில் அரசரின் முன்னோருக்குக் குடை பிடித்தவர் வழியாகத் தன்னிடம் முடித்தார். அடுத்து வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "எனக்கும் அதே மாதிரி" என்றார்கள். பெயரை மட்டும் மாற்றி எழுதித் தந்தது சபை.

இந்த ஓலைகளை எல்லாம் அழகாக நகல் எடுத்தவன் அவை எழுத்தன் மூக்காண்டி. அவன் வீட்டில் எழுத்தாணி பிடித்த முதல் ஆள் அவன்தான். அப்பா உப்பு வண்டி ஓட்டியவர். அவையில் உட்காரும்போதெல்லாம், யாரோ தவறுதலாக உட்கார வைத்துவிட்டார்கள், எப்போது எழுப்புவார்களோ என்று அவனுக்கு ஒரு பயம்.

அந்த நாளும் வந்தது. பண்டிதருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். தன் மருமகனை அங்கே உட்கார வைக்க நினைத்தார்.

"மகாராஜா, ஏழு தலைமுறை சொல்லத் தெரியாதவன் அவையில் உட்காரலாமா? அவைக்கு அழகா?"

"அழகில்லைதான்" என்றார் அரசர். "எட்டு நாள் தருகிறேன். எல்லாரும் வம்சாவளியோடு வாருங்கள். இல்லாதவர் இடத்தைக் காலி செய்யட்டும். மூக்காண்டி, உனக்கு எத்தனை தலைமுறை தெரியும்?"

"அப்பாவைத் தெரியும், மகாராஜா. தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவுக்கும் அப்பா ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்."

அவை சிரித்தது. அரசருக்கே பாவமாக இருந்தது.

"சபையில் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளேன். எல்லாருக்கும் சூரியனிலிருந்துதான் தொடங்குகிறார்களாம்."

"என் அப்பாவுக்கு வெயிலே ஆகாது, மகாராஜா. யாரும் நம்ப மாட்டார்கள்."

எட்டாம் நாள் வந்தது. ஒவ்வொருவராக வாசித்தார்கள். கடைசியாக மூக்காண்டி எழுந்தான். கையில் ஒரே ஓர் ஓலை.

"எங்கே ஏழு தலைமுறை?" என்றார் பண்டிதர்.

"பெயர்கள் கிடைக்கவில்லை, பண்டிதரே. ஆனால் கருவேலங்களப் போரில் என் முன்னோர் என்ன செய்தார் என்று கண்டுபிடித்துவிட்டேன்."

"என்ன செய்தாராம்?"

"ஓடிப்போனார்."

அவை அதிர்ந்து சிரித்தது. படையை நடத்தும் தளவாய் தொடையில் தட்டிக்கொண்டார்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?" என்றார் அரசர்.

"சபையின் ஓலைகளை நகல் எடுத்தவன் நான், மகாராஜா. அதில் முப்பத்தாறு பேர் குடை பிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் முன்னோர் மேல் வெயிலே பட்டிருக்காது. ஓடிப்போனவர் வாரிசு என்று மட்டும் ஒருவரும் பதிவு செய்யவில்லை. காலியாக இருந்தது அந்த ஓர் இடம்தான். எனக்கு அதுதான் பொருத்தமாகவும் பட்டது."

பண்டிதருக்குக் குஷி தாங்கவில்லை. "கேட்டீர்களா, மகாராஜா! தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். ஓடியவன் வம்சத்துக்கு இந்த அவையில் இடமே இல்லை என்று இன்றே விதி செய்யுங்கள்!"

"செய்தாயிற்று" என்றார் அரசர்.

மூக்காண்டி கும்பிட்டான். "போகிறேன், மகாராஜா. போவதற்கு முன் ஒரு விண்ணப்பம். உங்கள் முன்னோர் வெட்டி வைத்த வெற்றிக்கல் வாசலில் இருக்கிறது. அதைத் தளவாய் ஒருமுறை வாசிக்க வேண்டும்."

எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"கருவேலங்களத்தில் நம்மோடு நின்ற நாற்பது பேரும் அங்கேயே மாண்டனர். மற்ற எல்லாரும் ஓடினர். நாம் ஒருவரே நின்று, வென்று, உயிரோடு மீண்டோம்."

கடைசி வரிக்கு வருவதற்குள் அவர் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

மூக்காண்டி பணிவாகக் கேட்டான். "பண்டிதரே, உங்கள் முன்னோர் போருக்குப் பிறகு என்ன ஆனார்?"

பண்டிதர் தன் ஓலையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நானே சொல்கிறேன். முப்பத்தாறு தடவை எழுதி மனப்பாடம் ஆகிவிட்டது. 'குடையை மடக்கிக்கொண்டு சுகமாக வீடு திரும்பி, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார்.' நின்றவர் யாரும் திரும்பவில்லை என்கிறது கல். அப்படியானால் திரும்பியவர்கள்?"

அரசர் அவையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள்.

"புது விதிப்படி, நாளையிலிருந்து அவையில் நான் ஒருவன்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறதே!" என்று அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு விதிகளும் அங்கேயே ரத்தாயின. மூக்காண்டியின் இடம் அவனுக்கே. வம்சாவளிச் சபைக்கும் அவனையே தலைவனாக்கினார். தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று உத்தரவு.

எல்லாரும் கலைந்த பிறகு அரசர் கல்லின் எதிரே தனியாக நின்றார். நெற்றி சுருங்கியது. மூக்காண்டியை அருகே கூப்பிட்டார்.

"கூட நின்றவர்கள் செத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்படியானால் என் முன்னோர் நின்றதைப் பார்த்தது யாரடா?"

மூக்காண்டி கைகட்டிச் சொன்னான்:

"அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, மகாராஜா. தோன்றியிருந்தால் என் வம்சத்தில் எனக்கு அடுத்த தலைமுறை இருந்திருக்காது."