தாண்டவராயப் பிள்ளையின் வீணை விலைச் சுவடி

நெடுங்குளம் சமஸ்தானத்துப் பொக்கிஷ அதிகாரி தாண்டவராயப் பிள்ளைக்குத் தங்கம் நிறுக்கத் தெரியும், வெள்ளி நிறுக்கத் தெரியும். சங்கீதம் மட்டும் சுத்தமாகத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பழைய வீணைகளுக்கு விலை சொல்லும் சுவடி ஒன்றை அவரே எழுதினார். தெரியாத விஷயத்தைப் பற்றி எழுதும்போது மனிதனுக்கு என்ன தைரியம் வந்துவிடுகிறது!

சுவடியின் கணக்கு இதுதான். வீணையின் எடையில் வீசைக்குப் பத்துப் பொன். தந்த வேலைக்கும் யாளி முகத்துக்கும் இருபது பொன்வரை மேலே போடலாம். ஒரு தடவை மீட்டிவிட்டால் விலை பாதி. அப்புறம் வருஷத்துக்கு ஒரு பொன் கழிவு.

ராஜா பெத்தப்ப நாயக்கர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்துச் சொக்கிப்போனார். அத்தனை அழகான கையெழுத்து. உடனே உத்தரவு பிறந்தது: "அரண்மனை கேட்டால் யாரும் வீணையைத் தர மறுக்கக்கூடாது. யார் கொண்டுவந்தாலும் அரண்மனையும் வாங்க மறுக்கக்கூடாது. விலை, சுவடியில் உள்ளபடி."

மறுநாளே பிள்ளை தராசோடு கனகாம்புஜத்தின் வீட்டில் போய் நின்றார். ஊரிலேயே முதல் வீணைக்காரி அவள்தான். கோயில் உற்சவமா, அரண்மனைக் கச்சேரியா, அவள் வாசித்தால்தான் நிறைவு. முப்பது வருஷமாக மடியில் வைத்திருக்கும் வீணை அவளுடையது.

பிள்ளை வீணையை நிறுத்தார். "ஐந்து வீசை. ஐம்பது பொன். தந்த வேலைக்குப் பதினெட்டு. அறுபத்தெட்டில் பாதி முப்பத்து நாலு. முப்பது வருஷக் கழிவு போக நாலு பொன். இந்தாம்மா, பிடி. வெள்ளிக்கிழமை ஆள் வரும். வாத்தியசாலைச் சுவரில் மாட்டப்போகிறோம்."

"சுவரிலா? ஐயா, இது போனால் நான் எதை வாசிப்பேன்? இதன் குடத்தை உள்ளே குடைந்து வெற்றிலை கனத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் எடை குறைவு, அதனால்தான் இந்த நாதம். ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!"

"கேட்பதற்குச் சுவடியில் இடம் இல்லை அம்மா," என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கனகாம்புஜம் அழுதுகொண்டே ஆஸ்தானப் புலவர் மாசிலாமணியிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். சுவடியின் பிரதி ஒன்றை வரவழைத்து இரண்டு தடவை வாசித்தார். பிறகு, வீணை செய்பவரை அல்ல, தொட்டில் செய்யும் ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. கனகாம்புஜம் தன் வீணையை மார்போடு அணைத்தபடி ஓர் ஓரத்தில் நின்றாள். நாலு பேர் மூச்சு வாங்க இன்னொரு வீணையைத் தூக்கி வந்து வைத்தார்கள். புத்தம் புதுசு. பலாமரம், தந்தப் பூவேலை, கோரைப்பல் யாளி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"மகாராஜா, இதை அரண்மனைக்கு விற்க வந்திருக்கிறேன்," என்றார் புலவர்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஆசையோடு தராசில் ஏற்றினார். தராசு முனகியது.

"பதினாலு வீசை! ஆகா! நூற்று நாற்பது. அலங்காரத்துக்கு முழுசாக இருபது. நூற்று அறுபது பொன் மகாராஜா! என் ஆயுசில் இப்படி ஒரு வீணை பார்த்ததில்லை."

"ஒரு தடவை மீட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்லலாமே?" என்றார் புலவர் பவ்யமாக.

"ஐயையோ, தொடாதீர்! மீட்டினால் பாதி விலை. ஆறாவது ஏடு. சரியான பொருளை ஏன் கெடுக்க வேண்டும்?" பிள்ளை அவசர அவசரமாக விலைச்சீட்டு எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

"வாங்கியாயிற்று அல்லவா? இனி வாசிக்கலாம்," என்று ராஜா கனகாம்புஜத்தைக் கூப்பிட்டார். அவள் தன் வீணையைக் கீழே வைத்துவிட்டு வந்து தந்தியைச் சுண்டினாள்.

டொக்.

இன்னொரு தடவை சுண்டினாள். டொக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வாயிற்காவலன் திரும்பிப் பார்த்தான்.

"குடத்தைக் குடையவே இல்லை மகாராஜா," என்றாள் அவள். "உள்ளே முழு மரம்."

பிள்ளை குதித்தார். "மோசடி! இது வீணையே இல்லை, விறகுக்கட்டை!"

"அப்படியா? சத்தம் வரவேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது பிள்ளைவாள்?" என்று கேட்டார் புலவர்.

பிள்ளை புரட்டினார். முன்னிருந்து பின்னுக்கும் பின்னிருந்து முன்னுக்கும் புரட்டினார். எடை இருந்தது, மரம் இருந்தது, யாளியின் பல் எண்ணிக்கைகூட இருந்தது. நாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

"நூற்று அறுபது பொன் வீணையைக் கேட்டாயிற்று," என்றார் புலவர். "நாலு பொன் வீணையையும் கேட்டுவிடலாமே."

கனகாம்புஜம் தன் வீணையை எடுத்து வாசித்தாள். ராஜா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதையா சுவரில் மாட்டப் பார்த்தோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அம்மா, அது உன்னிடமே இருக்கட்டும். உத்தரவு இன்றோடு ரத்து. புலவரே, சுவடியை அடுப்பில் போட்டுவிடலாமா?"

"வேண்டாம் மகாராஜா. என்ன மரம், எத்தனை வருஷம், கடைக்காரன் எவ்வளவு புளுகுகிறான் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள உதவும். கடைக்குப் போகுமுன் படிக்கலாம். கடைக்குள் போனதும் அதை மூடிவிட்டுக் காதைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்."

"நல்லது. இந்தக் கட்டைக்கு விலை சொன்னவரே அதை வாங்கிக்கொள்ளட்டும். பணத்தில் ஆசாரிக்குக் கூலி போக மிச்சம் கனகாம்புஜத்துக்கு."

பிள்ளை பணத்தை எண்ணி வைத்தார். வாய் மட்டும் அடங்கவில்லை. "போகட்டும். எனக்கென்ன நஷ்டம்? என் சுவடியை நம்புகிறவன் ஊருக்கு ஒருத்தனாவது இருப்பான். நாளைக்கே நூற்று அறுபதுக்குத் தள்ளிவிடுகிறேன்!"

"எண்பதுக்கு, பிள்ளைவாள்," என்றார் மாசிலாமணி. "ஆறாவது ஏட்டைப் பாரும். இப்போதுதான் மீட்டியாயிற்றே!"

ராஜா சிரித்த சிரிப்பில் அந்தக் கட்டை வீணைகூட ஒரு கணம் அதிர்ந்ததாம்.