மாசிலாமணி போட்ட அன்புக் கணக்கு

ஏழரைப்பட்டி மாசிலாமணிக்கும் அவன் மனைவி தங்கபுஷ்பத்துக்கும் தினமும் சண்டை. "இன்னும் ஒரு சண்டை வந்தா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அவள் இல்லாத வீட்டை மாசிலாமணியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

நண்பர்கள் வீரபாகுவையும் சொக்கையாவையும் கூட்டிக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் ஓடினான்.

"ஆராய்ச்சி பண்றவங்க புருஷன் பொண்டாட்டி பேச்சையே எண்ணிப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்காங்கப்பா" என்றார் வாத்தியார். "ஒரு கடுஞ்சொல்லுக்கு அஞ்சு அன்பான சொல் இருந்தா குடும்பம் நிலைக்குமாம்."

மறுநாள் காலை தங்கபுஷ்பம் தோசை வைத்தாள். மாசிலாமணி எழுந்து நின்று, "கண்ணே, மணியே, செல்லமே, தங்கமே, ராசாத்தி" என்றான். அவளுக்கு ஒரே வெட்கம்.

"கழுதை!" என்று முடித்தான்.

"ஏங்க, இப்ப எதுக்குத் திட்டுனீங்க?"

"அஞ்சு ஆயிடுச்சுல்ல? அந்த ஒரு கடுஞ்சொல் குறையுதே!"

தோசைக்கரண்டி பறந்து வந்து வாசற்படியில் விழுந்தது. கணக்குப் பார்க்க அங்கே உட்கார்ந்திருந்த நண்பர்கள் அதைச் சுற்றிக் குனிந்தார்கள்.

"எறிஞ்சது சொல்லுல சேருமா?" என்றான் வீரபாகு.

"விழுறப்ப 'டங்'குன்னு சொல்லுச்சே. கடுஞ்சொல்தான்" என்றான் சொக்கையா.

"அப்ப கரண்டிதான் அஞ்சு அன்பான சொல் சொல்லணும்."

மாசிலாமணியும் வந்து உட்கார்ந்தான். மூவரும் காத்திருந்தார்கள். கரண்டி வாயே திறக்கவில்லை.

அதற்குள் தங்கபுஷ்பம் பையோடு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பிவிட்டாள். மாசிலாமணி, "போகாதே!" என்று அழுதுகொண்டே பின்னால் ஓடினான். மற்ற இருவரும் கரண்டியோடு ஓடினார்கள்.

"ஐயோ, அது எதிர்மறையாச்சே! உடனே அஞ்சு நேர்மறை சொல்லுடா!" என்று கத்தினான் வீரபாகு.

"'போகாதே'க்கு நேர்மறை என்னடா?" என்றான் மாசிலாமணி.

"போ!"

"போ! போ! போ! போ! போ!" என்று விம்மினான் மாசிலாமணி.

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். புருஷன் அழுதுகொண்டே போகச் சொல்கிறான். வீரபாகு விரல்விட்டு எண்ணுகிறான். சொக்கையா கரண்டியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்தது, நின்றது, போயும்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மாசிலாமணியின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

"கணக்கு பலிச்சிருச்சுடா!" என்று நண்பர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். மறுநாள் காலை ஏழரைப்பட்டி ஆண்கள் அத்தனை பேரும் மனைவியைப் பார்த்து ஐந்து முறை "போ" என்றார்கள்.

அன்றைக்கு டவுன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முன்சீட்டில் வீரபாகுவின் மனைவி.

"சரியாத்தானேடா அஞ்சு சொன்னேன்?" என்றான் வீரபாகு, பஸ் கிளப்பிய புழுதியில் நின்றபடி.

சொக்கையா வெகுநேரம் யோசித்தான். "நேத்து மாசிலாமணி அழுதான்ல? நாம அதை விட்டுட்டோம்!"

உடனே ஊர் ஆண்கள் எல்லாரும் பஸ் நிறுத்தத்தில் வரிசையாக உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். சொக்கையா மட்டும் அழவில்லை. எத்தனை சொட்டு என்று யாராவது எண்ண வேண்டுமே!