ஐந்தாம் இடத்துச் சேறு

மருதாசலத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் பேராசிரியை ரெஜினா. அது இல்லாவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் போச்சு.

அவன் ஒன்றும் பொழுது போகாமல் படிக்க வந்தவனில்லை. சாயப்பட்டறைக் கழிவு இறங்கி அவன் கிணறு கெட்டது, வெள்ளாமை கருகியது. சோதிக்க வந்த அதிகாரி, அறிக்கையில் உப்பின் அளவைச் சொல்லும் வரியை மட்டும் விட்டுவிட்டு, நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வயிறெரிந்துதான் நாற்பது வயதில் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. சேர்ந்தான். இந்தக் கதையை அவன் சொல்லாத ஆள் அந்தத் துறையிலேயே கிடையாது.

"பட்டறைக்காரன் உங்களையும் வந்து பார்த்துட்டானுங்களா மேடம்?" என்று கேட்டேவிட்டான்.

ரெஜினா ஆய்வேட்டைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். மாதிரி எடுத்த ஐந்தாம் இடம், ஓடைச் சேறு, பாதரசம்.

"இது யாருது?"

"பட்டறையோடதுதான். வேற யாருதுங்க?"

"உப்பு அவங்களுது. சாயம் அவங்களுது. துணிக்குச் சாயம் போடப் பாதரசம் எதுக்கு?"

அவன் அந்த வரியையே திரும்பப் படித்தான்.

"மேஜையில உங்க சோதனை பாதியில நிக்குது. போய் முடிங்க."

தண்ணீரில் கழிவு எவ்வளவு என்று பார்க்கிற சோதனை அது. பாதரச உப்பும் அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்த குடுவை ஆறிக் கிடந்தது. மருதாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டான். பச்சை போய்ச் செந்நிறம் வந்ததும் அளவைக் குறித்தான். பிறகு எல்லோரும் செய்வதுபோலக் குடுவையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்தான்.

"அது எங்க போகுது?" என்றார் ரெஜினா.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது. குழாயைக்கூட மூடாமல் வெளியே போனான்.

ஆய்வகச் சுவரிலிருந்து இறங்கிய குழாய் வேலிக்கு அடியில் புகுந்து, கருவேலம் புதருக்குள் ஓடையில் போய் முடிந்தது. அங்கிருந்து பத்தடி கீழே, ஐந்தாம் இடத்துக்கு அடையாளமாக அவன் நட்ட குச்சி நின்றது. ஒரு வருஷமாக அங்கே நின்று பட்டறைக்காரனைத் திட்டிக்கொண்டே சேறு அள்ளியிருக்கிறான்.

திரும்பி வந்து குழாயை மூடினான்.

"தெரிஞ்சுதான் இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா?"

"நேத்து இந்த வரியைப் படிச்சுட்டுப் போய்ப் பார்த்தேன். பதினொரு வருஷமா நானும் அதே தொட்டியிலதான் ஊத்தறேன்."

"காலேஜ் பேரை எழுதினா என்னைப் பாஸ் பண்ண விடுவாங்களா? உங்க வேலை நிக்குமா?"

"தெரியாது."

"பட்டறைக்காரன் சிரிப்பான் மேடம். அவனைப் பிடிக்கத்தான் நான் படிக்கவே வந்தேன்."

மருதாசலம் பேனாவை எடுத்தான்.

"இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சுடறேன். மத்ததெல்லாம் சத்தியமா உண்மைங்க. கையெழுத்துப் போட்டுடுங்க."

"உங்க கிணத்துக்கு அறிக்கை எழுதினவரும் ஒரு வரியைத்தான் விட்டார், மருதாசலம்."