பானெட்டில் மூன்று பொட்டு

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு கிணறு, ஓர் இலவமரம், அவ்வளவுதான். பங்குனி பிறந்தால் பஞ்சு பறந்து வந்து சோற்றுப்பானைக்குள்ளேயே உட்காரும்.

அங்கே குருவம்மா இருந்தார். வயது நாற்பதுதான். அவருடைய சீடர் நெல்லையப்பன் அவரைவிட இருபது வயது மூத்தவர். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பனி விலகுவதற்கு முன்பே, நெல்லையப்பன் தன் பழைய வெள்ளைக் காரைக் கிணற்றடியில் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் ஓர் அழைப்பிதழ்.

“அம்மா, என் தங்கச்சி ஆவுடை வீடு கட்டியிருக்கா. வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. ஒன்பது வருஷமா என்கூடப் பேச்சு இல்லாதவ. ஓரத்துல கையால எழுதியிருக்கா, பாருங்க. ‘அண்ணன் காரில் வரவும்.’”

“நல்லதுதானே.”

“போய் அவகிட்ட நான் என்ன பேச?”

குருவம்மா காரைப் பார்த்தார். பானெட்டில் வரிசையாக மூன்று இடத்தில் பெயிண்ட் உரிந்து, செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

“இது என்ன அண்ணாச்சி?”

“ஆயுதபூஜைக்கு வைக்கிற சந்தனப் பொட்டு. சாமிக்கு வச்சதைத் துடைக்கலாமான்னு அடுத்த பூஜை வரைக்கும் விட்டுருவேன். வெயில்ல காஞ்சு காஞ்சு பெயிண்டைத் தூக்கிருச்சு. அவ கண்ணு முதல்ல இதுலதான் விழும். போறதுக்குள்ள சரி பண்ணணும்.”

“பண்ணுங்க. பேசுறதைப் பிறகு பார்ப்போம்.”

நெல்லையப்பன் டவுனுக்குப் போய்ச் சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்தார். செதிலின் மேலேயே பூசினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தள்ளி நின்று பார்த்தால் புதுக் கார்தான்.

மறுநாள் காலை குருவம்மா ஒரு துண்டு டேப்பை அதன்மேல் ஒட்டி, இழுத்தார். புதுப் பெயிண்டும் பழைய செதிலும் கையோடு வந்தன.

“ஒரு ராத்திரிகூடத் தங்கலையே அம்மா.”

“அடியில பிடிப்பு இல்ல. சுரண்டுங்க.”

“எதுவரைக்கும்?”

“நகத்துக்கு வராத இடம்வரைக்கும்.”

சுரண்டினார். சட்டைப் பொத்தான் அளவு இருந்தது உள்ளங்கை அளவாயிற்று. நடுவில் துரு.

“சரி பண்ணச் சொன்னா பெரிசாக்கிட்டீங்களே.”

“நான் எங்கே ஆக்கினேன்? உள்ளே இருந்ததுதானே.”

குருவம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, அவர் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்த்தார். துருவெல்லாம் போய் இரும்பு மினுங்கியது. பஞ்சு மேலிருந்து இறங்குகிறதா, தரையிலிருந்து ஏறுகிறதா என்று தெரியாதபடி மிதந்துகொண்டிருந்தது.

“கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க. விளிம்பு தட்டுதா?”

“தட்டுது.”

“தேயுங்க. தங்கச்சி ஏன் பேசுறதில்ல?”

“ஏதோ கோபத்துல ஒண்ணு சொல்லிட்டேன்.”

“தட்டுதா?”

“தட்டுது.”

“தேயுங்க.”

தண்ணீர் நீர்மோர் போல ஓடியது.

“பூஜைக்கு மறுநாள் ஈரத்துணியோட வந்து பொட்டைத் துடைச்சா. ‘காஞ்சா பெயிண்டு போயிரும்ணே’ன்னா. எனக்கு ஆங்காரம். ஒரு வார்த்தை விட்டுட்டேன்.”

“தட்டுதா?”

“கொஞ்சம்.”

“தேயுங்க.”

தேய்த்தார். கண்ணைத் திறக்கவே இல்லை.

“அவ புருஷன் செத்து அப்ப ஆறு மாசம்தான். பொட்டை அழிக்கிற கைன்னு சொன்னேன் அம்மா.”

செம்பு அப்படியே நின்றது.

“இப்ப?”

அவர் வெகுநேரம் தடவினார். இரும்பு எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

“இல்லை,” என்றார்.

வியாழக்கிழமை அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்தார். காய்ந்ததும் பெயிண்டைத் தண்ணீர்போல் கலந்து ஒரு பூச்சு கொடுத்தார். காத்திருந்தார். மறு பூச்சு கொடுத்தார். அப்போது பார்த்து ஒரு பஞ்சு வந்து ஈரத்தில் உட்கார்ந்தது.

“தொடாதீங்க. காஞ்ச பிறகு தட்டிவிட்டுக்கலாம்.”

நெல்லையப்பனுக்குப் பொறுக்கவில்லை. எடுத்தார். பஞ்சு வந்தது, அவருடைய கட்டைவிரல் ரேகை அங்கே தங்கிவிட்டது. அந்த ஒரு பொட்டை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. குருவம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி செம்பை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பழைய வெள்ளை வெண்ணெய் நிறமாக இருந்தது. புது வெள்ளை பால் நிறமாக இருந்தது.

“ஒட்டுப்போட்டது தெரியுதே அம்மா.”

“தெரியட்டும்.”

“பொட்டு வைக்காம நல்ல காரியத்துக்கு நான் காரை எடுக்கிறதில்லை. புதுப் பெயிண்டு வேற. வைக்கவா, வேண்டாமா?”

குருவம்மா உள்ளே போனார். ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் மடித்த துணியுமாக வந்து, இரண்டையும் முன் சீட்டில் வைத்தார்.

“இங்க வேண்டாம். அங்க போய் வச்சுக்கலாம்.”

“நானா?”

“ஆவுடை வைக்கட்டும்.”

நெல்லையப்பன் கை சாவியிலேயே நின்றது.

“பால்காய்ப்பு வீடு அம்மா. புருஷன் இல்லாதவ வைக்கிறதான்னு கேட்பாங்க. நாலு பேர் பார்ப்பாங்க.”

“அன்னைக்கு நீங்க சொன்னப்ப யாரும் இல்லையா?”

அவர் தலை குனிந்தார்.

“இருந்தாங்க.”

சீட்டில் இருந்த துணியைத் தொட்டு, “துணி எதுக்கு?” என்று கேட்டார்.

“நாளைக்குத் துடைக்கணுமே.”

“நான் சாயங்காலமே திரும்பிரலாம்னு…”

“ஒரு ராத்திரி தங்குங்க. துணியையும் அவ கையிலயே குடுங்க. வைக்கிற கையே துடைச்சாத்தான் பெயிண்டு நிக்கும்.”

ஒரு பஞ்சு மிதந்து வந்து பானெட்டில் உட்கார்ந்தது. நெல்லையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொடவில்லை.