இருபத்தெட்டு அங்குலச் சிப்பாய்

தையல்காரர் தஸ்தகீர் பாய் சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. படித்தவர் ஒருவர் இவ்வளவு எளிதாக மாட்டிக்கொள்வாரா என்று நினைத்தேன். இப்போது நம்புகிறேன். நம்பிய பிறகு கோபம்தான் வருகிறது.

கோட்டை விழாவில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்ட நாற்பது சிப்பாய் உடைகள் தேவைப்பட்டன. ஆலோசகர் முனைவர் இளம்பரிதி, அருங்காட்சியகத்தில் பொம்மைக்கு மாட்டியிருந்த சிவப்புச் சிப்பாய்க் கோட்டு ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துக் கணக்குப் போட்டார்.

"மார்பு இருபத்தெட்டு அங்குலம். நாற்பதும் இதே அளவு."

"பெரிய ஆம்பளைங்க யாரும் நுழைய முடியாது சார். பொம்மைக்குப் பொருந்தணும்னு முதுகுல ஊசி குத்தி இறுக்கியிருப்பாங்க" என்றார் பாய்.

"அந்தக் காலத்துச் சிப்பாய் சோத்துக்குச் செத்தவன்யா, மார்பு எங்கேருந்து வரும்? அரை அங்குலம் மாறினாலும் வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"அப்படியே தைச்சுடறேன் சார்."

மூன்றாம் நாள், கலெக்டர் முன்னால் பாய் தான் தைத்த முதல் கோட்டு மாட்டிய ஒரு பொம்மையைச் சுவரோரமாக நிறுத்தினார். முனைவர் அதை அருங்காட்சியகக் கோட்டின் புகைப்படத்தோடு ஒப்பிட்டார்.

"அச்சு அசல்! இதுதான் ஆராய்ச்சி!" என்று ஒப்புதல் கையெழுத்தும் போட்டார்.

பாய் பொம்மையைத் திருப்பினார். முதுகில் பதினோரு ஊசிகள்.

"இதுவும் அச்சு அசல்தான் சார்" என்று ஒவ்வொன்றாக உருவினார். கோட்டு முப்பத்தாறு அங்குலத்துக்கு விரிந்தது. கலெக்டர் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அங்கேயும் ஊசிகள்.

வேலை பாயிடமே இருந்தது. ஆனால் விழா மேடையில் பொன்னாடை முனைவருக்குத்தான் விழுந்தது, ஆராய்ச்சிக்காக.

போன மாதம்தான் கேட்டேன்: "பாய், அப்போ நீங்களும் கை தட்டினீங்களா?"

"தட்டாம? அடுத்த வருஷ ஆர்டருக்கும் அவர்தானே கையெழுத்துப் போடணும்" என்றார் பாய்.